வாசலில் நாடி பிடித்த வெர்னா

வெர்னா ஸ்லாடெக் எங்கள் டன்மோர் ஊருக்கு நர்ஸாக வந்தபோது அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. அடுப்பில் கை சுட்டால் தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி அடுப்புக்கே போய்விடுவது. முப்பது மைல் தள்ளி, பஸ் நிற்கிற ஒரு காபிக் கடையில் பான்கேக் சுடுகிறவள் அவள். ஒரே கையில் ஆறு தட்டு தூக்குவாள். ஏழாவதைத் தலையில் வைத்திருந்தாள் என்றும் சொல்வேன், நீங்கள் நம்புகிற ஆளாக இருந்தால்.

நான் கஸ். தியேட்டரில் பாப்கார்ன் பொரிப்பது என் வேலை. ஏணியில் ஏறி வெளிப்பலகையில் படத்தின் பெயரை எழுத்து எழுத்தாகக் கோர்ப்பதும் நான்தான். அந்தக் கோடையில் நான் கோர்த்த பெயர் ‘மூச்சுவிடும் சவப்பெட்டி’. கலிபோர்னியாவில் அதை எடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்திருக்க வேண்டும். சவப்பெட்டி மூச்சு விடும்போதெல்லாம் அதன் மூடியை இழுக்கிற கயிறு தெரியும். கயிற்றின் முனையில் ஒருவன் இருமுவது கூடக் கேட்கும்.

இப்படிப்பட்ட சரக்கை விற்கத்தான் படக் கம்பெனி டாப்னியை வைத்திருந்தது. பெட்டியில் படச்சுருள் வருவதற்கு முன்னால் டாப்னி வந்துவிடுவான். அவன் பல் அவ்வளவு வெள்ளை, விளக்கில்லாத நிலவறையில் அவனைச் சிரிக்கவைத்துப் பேப்பர் படிக்கலாம். அவனுடைய தோல்பெட்டியில் நர்ஸ் உடுப்பு ஒன்று, தொப்பி ஒன்று, சிவப்பு இதயம் வரைந்த ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று, ஆஸ்பத்திரி வாடை அடிக்கிற தண்ணி ஒரு புட்டி. அந்தத் தண்ணியால் வாசல் கூடம் முழுவதையும் என்னைத் துடைக்கச் சொன்னான். அந்த வாரம் முழுக்க என் பாப்கார்னைத் தின்றவர்களுக்குக் குடல்வால் அறுத்த மாதிரியே இருந்திருக்கும்.

உடுப்பு ஒன்றுதான். அதற்குள் நுழைகிற பெண்தான் நர்ஸ். எந்த ஊரில் படம் ஓடப்போகிறதோ அந்த ஊர்ப் பெண்ணை டாப்னி தொடமாட்டான். அதற்கு முந்தின ஊரில் ஒருத்தியைப் பிடித்துக் கூட்டிவருவான். அப்போதுதான் யாருக்கும் முகம் தெரியாது. வெர்னா அப்படி வந்தவள். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். அவள் கையால் பான்கேக் தின்றிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்ததும் கண்ணை உருட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் டாப்னி அவளுக்குப் பாடம் நடத்தினான்.

“இங்க பாரு கண்ணு, இந்தத் தொப்பி தலையில இருக்கிற வரைக்கும் நீ நர்ஸ். யாரு கேட்டாலும் நர்ஸ். உங்கம்மா வந்து கேட்டாலும் நர்ஸ்.”

“எங்கம்மா வந்தா செருப்புதான் பறக்கும்.”

“அந்தச் செருப்புக்கும் நாடி பிடிச்சுப் பாரு. உள்ள போற ஒவ்வொருத்தன் கையையும் பிடி, மனசுக்குள்ள பத்து எண்ணு, ‘இரும்பு நெஞ்சு, உள்ள போங்க’ன்னு சொல்லி மணிக்கட்டுல ஸ்டாம்ப் குத்து. அவ்வளவுதான் படிப்பு.”

“நாடி எங்க இருக்கும்?”

“எங்க வேணா இருக்கட்டும். நீ முகத்தைக் கவலையா வச்சுக்க, போதும்.”

அப்புறம்தான் அவன் முக்கியமான தந்திரத்தைச் சொன்னான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு ஆளை வாசலில் மறிக்க வேண்டும். ‘உங்க இதயம் தாங்காது, உள்ள விடமாட்டேன்’ என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும்.

“ஏன், அவன் டிக்கெட்டு வாங்கலையா?” என்றாள் வெர்னா.

“கண்ணு, கதவைத் திறந்து வச்சா ஜனம் எட்டிப் பார்த்துட்டு ஐஸ்கிரீம் திங்கப் போயிடும். ஒருத்தன் மூஞ்சியில கதவைச் சாத்து. ஊரே முட்டிக்கிட்டு வரும்.”

வந்தது. முதல் காட்சிக்கு டாப்னியின் கார் டிரைவரையே மறித்தார்கள். அந்த ஆள் மண்டியிட்டு அழுதான், தன் தொப்பியைக் கிழித்தான், ‘என் சாவுக்கு நானே பொறுப்பு’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான். கூட்டம் அவனைத் தூக்கித் தோளில் வைத்து உள்ளே கொண்டுபோனது. அடுத்த காட்சியிலிருந்து ஊர்க்காரர்களுக்கு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. நான் நீ என்று போட்டி. “நர்ஸம்மா, இன்னிக்கு என்னை நிறுத்துங்க, என் மாமியார் வரிசையில நிக்கிறா, அவ பார்க்கணும்” என்று விதைக் கடைக்காரரே காதோடு கெஞ்சினார். மறிக்கப்பட்டவனுக்கு அன்று மாலை முடிதிருத்தும் கடையில் ராஜ மரியாதை.

மறிப்பது நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும். நர்ஸும் நாடகம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. வெள்ளை உடுப்பும் அந்த வாடையும் சேர்ந்து ஜனங்களின் புத்தியை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டன. படம் பார்க்க வந்தவர்கள் அவளிடம் கால் ஆணியைக் காட்டினார்கள். பிள்ளையின் தொண்டையைத் திறந்து காட்டினார்கள். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற கிழவி தன் மலச்சிக்கலைப் பற்றி வரிசை மொத்தமும் கேட்கப் பேசினாள். வெர்னா எல்லாருக்கும் தலையாட்டினாள். எல்லாருக்கும் ஒரே மருந்து: “இரும்பு நெஞ்சு. உள்ள போங்க.”

அந்த வரிசையில்தான் எல்மர் ஹாகன் வந்தார்.

ஹாகன் பன்றி வளர்க்கிறவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆள் பெரிய ஆள், அவர் சாய்ந்தால் கம்பம் ஒதுங்கி வழிவிடும். தினமும் பகல் காட்சிக்கு வருவார், உள்ளே போய்த் தூங்குவார். அவர் வந்தது அந்த வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவதற்குத்தான். மனைவிக்குப் பிறகு அந்தக் கையைப் பிடித்தவர்கள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன், பன்றிகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

“நர்ஸம்மா, இந்த இடது கை விடியற வரைக்கும் ஈர மூட்டை மாதிரி கனக்குது.”

“பன்னியைத் தூக்கினீங்களா மிஸ்டர் ஹாகன்?”

“எங்க? பன்னிதான் என்னைத் தூக்கிட்டிருக்கு.”

வரிசை சிரித்தது, வெர்னாவும் சிரித்தாள், ஸ்டாம்ப் குத்தினாள். மறுநாள் தாடை வலிக்கிறது என்றார். அதற்கும் சிரிப்பு, அதற்கும் ஸ்டாம்ப். அவர் அந்தச் சிவப்பு இதயத்தைக் கழுவுவதே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி மணிக்கட்டே அடிபட்ட மாதிரி சிவந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவர் சந்தோஷமாகச் சொன்னார்: “டாக்டர் ஆம்டால்கிட்ட போகவேண்டியிருந்ததை ரத்து பண்ணிட்டேன் நர்ஸம்மா. அவர் என்னைப் பார்க்கிறதே எடை போடற மாதிரி இருக்கும். நீங்கதான் தினம் பார்க்கறீங்களே, இரும்புன்னு சொல்றீங்களே. எதுக்கு அவர் வேற?”

வெர்னாவின் கை ஸ்டாம்போடு பாதியில் நின்றது. நான் பொரி அள்ளிக்கொண்டிருந்தேன். வரிசை பின்னாலிருந்து தள்ளியது. ஹாகன் தானே அவள் கையைப் பிடித்து, ஸ்டாம்பைத் தன் மணிக்கட்டில் அழுத்திக்கொண்டு உள்ளே போனார்.

காட்சி தொடங்கியதும் அவள் என் கவுண்டருக்கு வந்தாள்.

“கஸ், அந்த மனுஷன் கையைத் தொட்டுப் பார்த்தியா? வெளியே சோளம் கருகற வெயிலு. அவரு கை மீன் மாதிரி சில்லுன்னு இருக்கு, வேர்த்து ஊத்துது.”

“பயமா இருக்கும். படம் அப்படி.”

“பகடி பண்ணாத. எங்க கடையில ஒரு லாரிக்காரர் இப்படித்தான் இடது கையைத் தேய்ச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார். தாடை வலின்னார். இன்னும் கொஞ்சம் பாகு ஊத்துன்னார். நான் ஊத்தினேன். தட்டுலயே முகம் வச்சுப் படுத்துட்டார். தூங்கறார்னு நினைச்சு நான் பக்கத்து மேசைக்குக் காபி ஊத்தப் போனேன்.”

எனக்கு எப்போதும் வாயில் ஒரு பகடி தயாராக இருக்கும். அன்று அதை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சவப்பெட்டி மூச்சு விட ஆரம்பித்திருந்தது.

அவள் நேராக டாப்னியிடம் போனாள். நான் அவளுக்குத் துணையாகத் துடைப்பத்தோடு போனேன். டாப்னி கண்ணாடி பார்த்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அவர்கிட்ட உண்மையைச் சொல்லப்போறேன்” என்றாள். “நான் நர்ஸ் இல்லைன்னு.”

“சொல்லு. அப்புறம் யாரு வருவா? இந்த ஊரு போகட்டும், வரிசையா இன்னும் எத்தனை ஊரு இருக்கு தெரியுமா?”

“அந்த ஆள் செத்துப்போயிடுவார் மிஸ்டர் டாப்னி.”

டாப்னி கண்ணாடியிலிருந்து திரும்பினான். பிறகு விளக்குப் போட்ட மாதிரி சிரித்தான். “அவ்வளவுதானே? நாளைக்கு அவரையே மறி. உன் மனசுக்கும் திருப்தி, என் வாசலுக்கும் திருப்தி. ‘இதயம் தாங்காது, டாக்டர்கிட்ட போங்க’ன்னு நல்லா சத்தமா சொல்லு. யாரு வேணாம்னாங்க?”

வெர்னாவுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். அவன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை பகல் காட்சி. வரிசை தானியக் கிடங்கு வரைக்கும் நின்றது. சில பேர் அடுத்த மாகாணத்தில் நின்றார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் டாப்னியின் ஆம்புலன்ஸ். அது பழைய பால் வண்டி, வெள்ளை அடித்துச் சிலுவை போட்டது. வெயிலில் பெயின்ட்டுக்குக் கீழே பசுமாட்டின் முகம் லேசாகத் தெரியும்.

ஹாகன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். வெர்னா பிடித்தாள். இந்தத் தடவை அவள் பத்தோடு நிறுத்தவில்லை.

“மிஸ்டர் ஹாகன், உங்களை உள்ள விடமாட்டேன். உங்க இதயம் சரியில்லை. இப்பவே டாக்டர் ஆம்டால்கிட்ட போங்க.”

கூரை பறக்கிற மாதிரி கைதட்டல்.

“இன்னிக்கு நான்தான்!” என்று ஹாகன் எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய மனுஷன் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி சுற்றிலும் பார்த்தார். “எல்மரு மாட்டிக்கிட்டாருடா! அழுங்க எல்மர், அழுங்க!” என்று கத்தினார் விதைக் கடைக்காரர்.

“அழறதா? என் பன்னிங்கதான் அழும்!” என்று ஹாகன் மார்பில் அடித்துக்கொண்டார். அந்த அடி ஒவ்வொன்றுக்கும் வெர்னா பதறினாள்.

“ஐயோ, அடிக்காதீங்க! இது விளையாட்டில்ல! நிஜமாத்தான் சொல்றேன்!”

“நிஜமாத்தானாம்!” கூட்டம் இன்னும் உற்சாகமானது.

“நான் நர்ஸே இல்ல! நான் பஸ் ஸ்டாண்டுல பான்கேக் சுடறவ!”

சிரிப்பில் என் இயந்திரத்திலிருந்த பொரியெல்லாம் குலுங்கியது. ஒருவன் “எனக்கு ரெண்டு, நிறைய வெண்ணெய் போட்டு!” என்றான். டாப்னி கூடத்தின் மூலையிலிருந்து இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினான். அவன் உதடு அசைந்ததை நான் படித்தேன்: பிரமாதம், இனிமே ஒவ்வொரு காட்சிக்கும் இதைச் சொல்லு.

ஹாகன் போகிற போக்கில் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். “ரொம்ப நல்லா பண்றீங்க நர்ஸம்மா” என்றார் மெதுவாக. கையெழுத்துப் போட்டார். ஆறேழு பேர் அவரைத் தோளில் ஏற்றி இருட்டுக்குள் கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

வெர்னா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது. இனி சொல்வதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

அவள் உள்ளே போனாள். நான் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். ஹாகன் ஓர நாற்காலியில் இருந்தார். அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் கல்லறைத் தோட்டம். சவப்பெட்டி மூச்சு இழுத்தது, விட்டது, இழுத்தது. நான் எத்தனையோ தடவை அந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரித்தவன். அன்று எனக்குக் கயிறு தெரியவில்லை. மூடி திறந்தது. தியேட்டர் மொத்தமும் அலறியது. ஹாகன் ஒருத்தர்தான் அலறவில்லை. வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எழுந்திருங்க, போகலாம்” என்றாள் வெர்னா.

“படம்... இருக்கே...”

அவள் ஒரு காரியம் செய்தாள். இருட்டில் கையை உயர்த்தி, சரிந்திருந்த தொப்பியை நேராக்கினாள். குரலை டாப்னி சொல்லிக்கொடுத்த மாதிரி மாற்றிக்கொண்டாள்.

“மிஸ்டர் ஹாகன், நர்ஸ் சொல்றேன். ரெண்டாவது பரிசோதனை பாக்கி இருக்கு. எழுந்திருங்க.”

“சரிங்க நர்ஸம்மா” என்று அவர் எழுந்துவிட்டார்.

பால் வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் பால் கேன் வைக்கிற தட்டில் ஹாகனும் வெர்னாவும். வண்டியில் மாட்டியிருந்த ஆம்புலன்ஸ் சங்கை ஊதினால் வழி விடுவார்கள் என்று நினைத்து ஊதினேன். அதுதான் தப்பு. சங்குச் சத்தம் கேட்டு முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்தார்கள். கடைகளிலிருந்து ஓடிவந்தார்கள். வண்டியைச் சுற்றி நின்று கைதட்டினார்கள், பின் கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஹாகனைப் பார்த்துக் கையாட்டினார்கள். டாப்னி ஒலிபெருக்கியோடு வண்டிக்கு முன்னால் வந்துவிட்டான். “முதல் பலி! மூச்சுவிடும் சவப்பெட்டியின் முதல் பலி! மெதுவா போ கஸ், ஜனங்க பார்க்கட்டும்!”

“வழி விடுங்கடா! நிஜமாவே சாகறாருடா!” என்று கத்தினேன்.

இருபது வருஷமாக அந்த ஊரைச் சிரிக்கவைத்தவன் நான். என் குரலைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து வெர்னா எண்ணுகிற சத்தம் கேட்டது. அவள் எண்ணிக்கொண்டே போவாள், நின்றுவிடுவாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியில் டாப்னியின் கால் மேலேயே வண்டியை விடுவதுபோல ஓட்டினேன். அவன் குதித்து விலகினான்.

டாக்டர் ஆம்டால் வீட்டு முன்னால் வேலிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் பிரஷ்ஷை நீட்டினார்.

“உங்க கூத்தை என் வாசல்ல வச்சுக்காதீங்க. வண்டியை எடு கஸ்.”

வெர்னா இறங்கினாள். தொப்பியைக் கழற்றி வண்டியின் தரையில் போட்டாள். தலைமுடி கலைந்து, வெறும் சமையல்காரியாக நின்றாள்.

“டாக்டர், நான் நர்ஸ் இல்ல. கூத்துக்காரிதான். நீங்க என்னை நம்பவேண்டாம். அவர் கையை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

டாக்டர் அவளை முறைத்தார். பிறகு வண்டிக்குள் கையை நீட்டினார். தொட்டார். பிரஷ் புல்லில் விழுந்தது. “பையை எடுத்துட்டு வா!” என்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினார்.

ஹாகன் பிழைத்தார். பன்றிகளை விற்றுவிட்டு, படுக்கையில் கிடக்கவேண்டியதாயிற்று. வெர்னா ஊருக்குத் திரும்புகிற நாளில் அவரைப் பார்க்கப் போனோம்.

“மிஸ்டர் ஹாகன், நான் நர்ஸ் இல்லைன்னு இப்பவாவது புரிஞ்சுதா?”

“இன்னும் அதையே சொல்றாங்க பாரு” என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூச்சு வாங்கியது. “இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலடா பாப்கார்ன். முதல்ல கண்டுபிடிச்சது யாரு? நர்ஸம்மாதானே?” பிறகு மணிக்கட்டை அவளிடம் நீட்டினார். வெர்னா அதைப் பிடிக்கவில்லை. போர்வையை அதன்மேல் இழுத்து மூடிவிட்டாள்.

அவளை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியில் லார்ச்ஃபீல்ட். அந்த ஊர்த் தியேட்டரைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சுவர் அளவுக்கு, கையால் வரைந்த படம் ஒட்டியிருந்தது. தொப்பி போட்ட வெர்னா, பக்கத்தில் பால் வண்டியில் ஏற்றப்படுகிற ஹாகன். ‘டன்மோரில் ஓர் உயிரைக் காப்பாற்றிய நர்ஸ் வெர்னா, இங்கே, ஒவ்வொரு காட்சியிலும்!’ வரிசை எங்கள் ஊர் வரிசையைவிட நீளம். அதில் நோயாளி மாதிரி தெரிந்தவர்களும் அதிகம். ஒரு கிழவரை மகன் தாங்கிக்கொண்டு நின்றான். ஒருத்தி கைக்குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

வாசல் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த உடுப்புக்குள் எங்கள் டன்மோர் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் டோரிஸ் இருந்தாள். இடுப்பில் உடுப்பு இறுக்கம். சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். மார்பில் அட்டை: வெர்னா.

“கஸ், காத்திரு” என்று சொல்லிவிட்டு வெர்னா இறங்கி, வரிசையில் போய் நின்றாள். குறுக்கே போகமுடியாது, விடமாட்டார்கள். தன் முறை வரும்வரை நின்றாள். நான் வண்டியிலிருந்தே பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பி, கையை விரித்து, சுவரிலிருந்த படத்தையும் தன் முகத்தையும் மாறி மாறிக் காட்டி ஏதோ சொன்னாள். அந்த ஊருக்கும் விளையாட்டு ஏற்கெனவே பிடிபட்டிருந்தது போல. எனக்குக் கேட்டது கைதட்டல் மட்டும்தான்.

கிழவரின் மகன்கூடத் தட்டினான். தட்டுவதற்காக அப்பாவைச் சற்று நேரம் சுவரில் சாய்த்து வைத்தான்.

டோரிஸ் வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்து, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, ஸ்டாம்ப் குத்தினாள். பிறகு அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிழவரை நாற்காலிக்கு அழைத்தாள்.